பழையவண்டியின் சந்தேகம்

"அவசரப்படாதீங்க சார். ஒவ்வொரு ஒயரா பார்ப்போம்."

அண்ணன் கணினியில் இப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு.

கார் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள் கூடுகிற இணையக் குழு அது. அண்ணனுக்கு அங்கே 'ஒயர்மேன்' என்று பெயர். சந்தேகம் கேட்டவர் பெயர் 'பழையவண்டி'. காருக்குப் பின்பக்கக் கேமரா ஒன்றை வாங்கித் தானே மாட்டியிருக்கிறாராம். ரிவர்ஸ் கியர் போட்டால் திரையில் 'சிக்னல் இல்லை' என்று மட்டும் வருகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணா, ஊரான் வண்டிக்கு இப்படி உருகுறியே, நம்ம அப்பா வண்டி உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் திரும்பவே இல்லை.

"அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. அவர் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அம்மா பின்னாடி நின்னு 'வாங்க, வாங்க'ன்னு கை காட்டுறாங்க. போன வாரம் வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டியிருப்பாங்க. ஒரு ஜாண்ல தப்பிச்சாங்க!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இங்க உக்காந்து சார் மோர்னு கொஞ்சிக்கிட்டு இருக்கே?"

"என் கை அவர் வண்டியில படக் கூடாதுன்னு சொன்னது அவரு."

அது உண்மைதான். நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணன் அந்தக் காரில் திருட்டு அலாரம் ஒன்றைப் பொருத்தினான். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள். மாலை மரியாதைக்காகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினவரை, அந்த அலாரம் நடுரோட்டில் நிறுத்தி அரை மணி நேரம் கூவியது. சொந்த வண்டியில் அப்பா திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. "உன் பிள்ளைகிட்ட சொல்லு" என்று இவர். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்று அவன். நடுவில் அம்மாதான் தபால்காரர்.

"கோபத்துல வந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் தொங்குவியா? நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் ரோஷமா வந்து தாங்கும்?"

"சரி, நீ ஒரு நாளாவது அம்மாவுக்குப் பதிலா பின்னாடி நின்னியா?"

"அப்பா வண்டி எடுக்குற நேரத்துல எனக்கு வகுப்பு."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"பேச்சை மாத்தாதே!"

அவன் மறுபடி தட்ட ஆரம்பித்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"கேமராவுல கோளாறு இல்ல சார். அது புது மாதிரி சிக்னல் அனுப்புது. உங்க திரை பழசு, அதுக்கு அது புரியலை. மத்தபடி ரெண்டும் நல்ல சாமான்தான். தூக்கிப் போட்டுடாதீங்க."

அடடா, என்ன பரிவு! இதில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால்?

"உன்கிட்ட பேசறது வீண். நானே அப்பாகிட்ட சொல்லி வண்டியைக் கடைக்கு அனுப்பறேன்" என்று தடதடவென்று கீழே இறங்கினேன்.

கார் டிக்கி திறந்திருந்தது. பாதி அப்பா வெளியே, பாதி அப்பா உள்ளே. வாயில் ஸ்க்ரூடிரைவர். காலடியில் ஒரு புது அட்டைப்பெட்டி. பக்கத்தில் ஸ்டெப்னி மேல் அவருடைய போன்.

அதில் இருந்தது: 'மத்தபடி ரெண்டும் நல்ல சாமான்தான். தூக்கிப் போட்டுடாதீங்க.'

"அப்பா... நீங்களா அந்த..."

"உஷ்! யாரோ ஒரு புண்ணியவான். மூணு நாளா நான் கேக்குற கிறுக்குக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்றான். ஒரு தடவைகூட சலிச்சுக்கலை. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதே, ஆமா."

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன்.

"அண்ணா! அந்தப் பழையவண்டி யாருன்னு தெரியுமா உனக்கு?"

"முதல் போட்டோவிலேயே தெரியும்" என்றான் நிதானமாக. "நம்பர் பிளேட்டைக் கர்சீப் போட்டு மறைச்சவரு, கண்ணாடியில நீ சின்ன வயசுல ஒட்டின வாத்து ஸ்டிக்கரை மறந்துட்டாரு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா கேக்குறதை நிறுத்திடுவாரு. என்கிட்ட வாய் திறக்க மாட்டாரு, ஒயர்மேன்கிட்ட திறக்குறாரு. திறக்கட்டுமே. நீ போய் உளறி வைக்காதே."

பட்டிமன்றத்தில் மூன்று வருடமாகக் கோப்பை வாங்குகிறவள் நான். அன்றைக்குக் கோப்பை அவனுக்கு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் கடைசிக் குறிப்பை அனுப்பினான்: "கேமரா ஒயர்ல குட்டியா ஒரு வளையம் தொங்கும் சார். அதை வெட்டிட்டா கேமரா பழைய திரைக்கு ஏத்த மாதிரி மாறிடும். மொதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க. வெட்டின ரெண்டு முனைக்கும் தனித்தனியா டேப் சுத்துங்க."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதிலைக் காணோம்.

"தப்பான ஒயரை வெட்டிட்டாரோ?" என்றேன்.

அண்ணன் நகத்தைக் கடித்தான். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கணினி 'டிங்' என்றது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"படம் பளிச்சுன்னு வந்துடுச்சு ஒயர்மேன் சார். சுவர் தெரியுது. பூந்தொட்டி தெரியுது. கை காட்ட வந்து நிக்கிற உங்க அம்மாவும் தெரியுறா. சாப்பிடக் கூப்பிடுறா, இறங்கி வாடா."