நடந்து கடப்பவர்: பூஜ்யம்

ஷிப்டு விடுகிற நேரம். கவரைப்பேட்டை நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடாமல் உறுமிப் போகின்றன. ஓரத்தில் சாராள், நடந்து கடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடும் கணக்கெடுப்புத் தாளோடு நிற்கிறாள். இந்தக் கணக்கைக் காட்டினால்தான் எங்கே பாலம் தேவை என்று கணிக்கும் போக்குவரத்து மாதிரியைத் தயாரிக்க அரசு பணம் ஒதுக்கும். போன முறை எஞ்சினியர் காரைவிட்டு இறங்காமலே, நடந்து கடப்பவர் பூஜ்யம் என்று எழுதிவிட்டார். அதனால் நடைமேம்பாலம் வரவில்லை. அவள் புருஷன் பீட்டர் இங்கே கடக்கும்போதுதான் லாரியில் அடிபட்டுச் செத்தான். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அதே எஞ்சினியர் போனில் அழைக்கிறார். "பேப்பரைக் கொண்டாம்மா, இன்னிக்கே அனுப்பணும்."

"நீயே நடந்து வந்து வாங்கிக்கினு போ சார்."

அவர் ஓரடி வைக்கிறார். ஹாரன் அலறுகிறது, பின்வாங்குகிறார். மறுபடி ஓரடி. சாராள் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு பார்க்கிறாள்.

"உசுரோட இந்தாண்ட வந்தாதான் சார் கோடு போடுவேன்."