வேரும் ஏழு இலைகளும்

காலை ஒன்பது மணிக்கு, ஏழு இலையும் ஒரு வேருமாக, ஆப்பிரிக்க மலைச்செடி ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. இலைகளில் பெரியதன் பெயர் ஜபூலா. ஊரில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் செடி, வைரஸையும் கொல்லுமா என்று பார்க்க அழைத்திருந்தார்கள். கொல்லாதது குப்பைக்குப் போகும்.

"ஒதுங்கி நில்லு, மண்ணாங்கட்டி! போட்டோ எடுக்கிற இடம்" என்று வேரை விரட்டியது ஜபூலா.

"ஊரில் வைத்தியச்சி என்னைத்தானே தம்பி வேகவைப்பாள்?"

"அவளுக்கு என்ன தெரியும்? படித்தவர்கள் பச்சையைத்தான் பார்ப்பார்கள்."

பச்சையைத்தான் பார்த்தார்கள். ஜபூலாவின் நுனியைக் கிள்ளி, அரைத்து, ஸ்பிரிட்டில் கரைத்து வைரஸ் தட்டில் விட்டார்கள். அத்தனையும் செத்தன.

"பார்த்தாயா என் வீரத்தை!" என்று துள்ளியது ஜபூலா.

"கொன்றது நான் சார்" என்றது ஸ்பிரிட், கொட்டாவி விட்டபடி.

சந்தேகம் தீர வெறும் ஸ்பிரிட்டை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அத்தனையும் செத்தன.

ஜபூலா மெல்ல வேரின் பக்கம் நகர்ந்தது. "அண்ணே, நாம ஒரே குடும்பம்தானே?"

மறுநாள், ஜூலை 9ஆம் தேதி, வேரைத் தண்ணீரில் வேகவைத்தார்கள். வெறும் தண்ணீரில் ஒரு வைரஸும் சாகவில்லை. வேர் வெந்த தண்ணீரில் பாதி செத்தன. அன்று மாலை குப்பைக்குப் போன ஏழு இலைகளையும் வாசலில் நின்ற ஆடு தின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.