துரையின் உள்தட்டு

காற்று வடக்கிலிருந்து அடித்தால் நான் பிழைப்பேன். தெற்கிலிருந்து அடித்தால் என் பிழைப்பே போய்விடும்.

இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த அப்புத்தளையில், அதுவும் ஸ்டேஷன் மேடையில், காற்றுக்கு வடக்கென்ன, தெற்கென்ன?

எட்டடி தள்ளி மக்ரே துரை தெற்குப் பார்த்து நின்றார். இடுப்பில் கில்ட்டு. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் அதைத் துரையின் பாவாடை என்போம், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

எட்டு கஜம் கனத்த துணி. சிவப்பில் கட்டம். பின்னால் அடுக்கடுக்காக மடிப்பு. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டு. மேல்தட்டு ஊர் பார்ப்பதற்கு. உள்தட்டு யார் கண்ணிலும் படாது.

அந்தத் தைரியத்தில்தான் உள்தட்டை வெட்டி எடுத்தேன்.

இப்போது அது துரைசாணியின் தோளில் இருந்தது. வெள்ளைக் கவுனுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. மூன்று துண்டாக வெட்டி, கட்டத்தோடு கட்டம் பொருத்தி, ஒட்டுத் தெரியாமல் தைத்தது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தன் பாடையைத் தானே மட்டம் பார்த்துக் கட்டியவனுக்கு வரக்கூடிய பெருமை.

கார்த்திகையில் ஸ்கொத்லாந்துத் துரைமாரெல்லாம் பண்டாரவளையில் கூடி ஆடுவார்கள். போன வருஷம் மற்றத் துரைசாணிமார் அவரவர் புருஷன் பாவாடைத் துணியிலேயே தோளுக்குப் பட்டை போட்டு வந்தார்களாம். இந்தத் துரைசாணி மட்டும் வெறும் தோளோடு போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். நம் ஊரில் ஜோடிப் பொருத்தம் பார்க்க ஜோசியர் உண்டு. இவர்களுக்கு அந்த வேலையும் தையல்காரன் தலையில்.

துரைக்குத் தெரியாமல் கில்ட்டை என்னிடம் கொடுத்து, இதே மாதிரித் துணி வாங்கித் தைத்துத் தா என்றாள்.

"கிடைக்கும்ங்க" என்றேன். இந்த வாயை எந்த நூலாலும் தைக்க முடியாது.

பண்டாரவளையில் தேடினேன். பதுளைக்கு இறங்கி ஒவ்வொரு ஜவுளிக்கடையாக ஏறினேன். கடைக்காரர் பலீல் நானா மட்டும் கடையையே புரட்டிப் பார்த்துவிட்டு, "கப்பல்லதான் வரணும், இராமையா. மூணு மாசம் ஆகும்" என்றார். ஆட்டத்துக்கு இருந்ததோ மூன்று நாள்.

வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில், கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளியில் ஒரு துண்டை வைத்துத் தைத்தேன்.

என் சம்சாரம் ரெங்கம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கம்பளி குத்தும்ங்க. குத்துனா குனிஞ்சு பாக்க மாட்டாரா?"

நான் பட்டைக்கு ஓரம் அடிக்கப் போனேன். அன்று ராத்திரி கில்ட்டுக்கு இஸ்திரி போட்டு, விடிந்ததும் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான்.

அந்தக் கில்ட்டு துரையின் அப்பா கட்டியது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூலி லயத்துப் பெண்கள் போர்த்துகிற கம்பளி தன் மடியில் இருப்பதை அவர் பார்த்தால், கணக்கை முடிக்கிற பத்துச்சீட்டைக் கையில் திணித்து இன்றைக்கே தோட்டத்தை விட்டு இறக்கிவிடுவார்.

பட்டை பிரிந்தால் தைக்க ஊசி நூலோடு நானும், துரைசாணியின் தோளில் ஊக்குக் குத்த ரெங்கம்மாவும், ரயில் புறப்படும்வரை நிற்க வேண்டும் என்று உத்தரவு.

துரை அப்போதுதான் பட்டையைக் கவனித்தார். தன் இடுப்பைப் பார்த்தார். மறுபடியும் அவள் தோளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தையல்காரன்! இந்தத் துணி எங்கே புடிச்சான்?"

ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில் மறுபடியும் நூல் கோக்கப் பார்த்தேன்.

"பக்கத்துலதாங்க தொரை" என்றாள் ரெங்கம்மா.

படுபாவி!

ரயில் வந்து நின்றது. கூடவே காற்றும் வந்தது. தெற்கிலிருந்து.

துரையின் தொப்பி எழும்பியது. கில்ட்டுக்கு முன்னால் தொங்கிய தோல் பை ஒருபக்கம் சாய்ந்தது. மேல்தட்டு, கொடியேற்றுகிற மாதிரி, நிதானமாக மேலே போனது.

கண்ணை மூடிக்கொண்டேன். மூட்டை முடிச்சு, தையல் மிஷின், இரண்டு கோழி, எல்லாவற்றையும் மனதுக்குள் வண்டியில் ஏற்றினேன். ஏற்றி முடித்தும் அதட்டல் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தேன். துரை ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் மேல்தட்டையும் பிடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்தட்டு கறுப்பாக இல்லை.

சிவப்பு. கட்டம் போட்ட சிவப்பு.

துரையின் கட்டத்தைவிடப் பொடிக் கட்டம். ஓரத்தில் ஒரு மஞ்சள் இழை. காற்றில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது.

துரை தட்டை அமுக்கிக்கொண்டு துரைசாணியின் கையைப் பிடித்து ஏறினார். ஜோடி அத்தனை பொருத்தம். ரயில் நகர்ந்தது.

ரெங்கம்மா பக்கம் திரும்பினேன். அவள் கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்தும்னு சொன்னேன்ல" என்றாள்.

ரயில் வளைவில் மறைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், திருச்சிப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில், அவள் கட்டியிருந்த அந்தப் பொடிக் கட்டக் கூறைச்சேலையின் முனையில்தான் என் வேட்டி முனையை முடிச்சுப் போட்டு, எங்களை மூன்று சுற்று வரச் சொன்னார்கள்.