தாப்பா பாப்பாவுக்காக

"அங்க பாரு, பச்சைத் தாவணி! அதுதான் மீராவா இருக்குமோ?"

"வாசல்ல நுழையிற பொண்ணெல்லாம் உனக்கு மீராதான். பேசாம உக்காருக்கா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள் நல்லம்மாள்.

பாப்பா உட்காருவதாக இல்லை. ஈப்போ நகரில் அன்று ரேடியோ நேயர்கள் சந்திப்பு. இத்தனை நாளும் ஊரையும் பெயரையும் மட்டும் காதால் கேட்டுப் பழகியவர்கள் முகம் பார்க்கக் கூடியிருந்தார்கள். "பாகான் செராய் சதாசிவம் நீங்கதானா? நான் என்னமோ ஆறடி உயரத்துக்கு நெனைச்சிருந்தேன்லா!" என்று யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மண்டபம் கல்யாண வீடாக இருந்தது.

பாப்பாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது பால்வெட்டு வேலையும் லயத்து வீடும் போயின. அதற்கு முன்பே புருஷன் சன்னாசியும் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளை இல்லை. இப்போது தாப்பாவில், நல்லம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அறை. பகலெல்லாம் கோப்பிக் கடையில் மங்கும் தட்டும் கழுவுவாள். ராத்திரி ரேடியோதான் துணை.

ஒரு நாள் ஆசைப்பட்டு ஒரு தாலாட்டுப் பாட்டுக் கேட்டு, நல்லம்மாள் மகளை விட்டுக் கார்டு எழுதிப் போட்டாள். பாட்டு வந்தது. அடுத்த ஞாயிறே, "தாப்பா பாப்பாவுக்காக, பீடோர் மீரா விரும்பிக் கேட்கும் பாடல்" என்றார் அறிவிப்பாளர். அதுவும் தாலாட்டு! பாப்பா அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று தொட்டு மீராவிடமிருந்து தாலாட்டு வருவதும், பாப்பா பதிலுக்குக் கல்யாணப் பாட்டு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

"தாயில்லாப் பொண்ணுதான் அது" என்றாள் பாப்பா. "இல்லாட்டி வயசுப் பொண்ணு இப்படித் தாலாட்டாக் கேக்குமா? என்னைய அம்மாவா நெனைச்சிருக்கு."

"அதுக்கு நீ ஏன் கல்யாணப் பாட்டாப் போட்டுவிடுற?"

"காலாகாலத்துல நல்ல மாப்பிள்ளையா அமையட்டுமேன்னுதான். வளையல் கூட வாங்கியாந்திருக்கேன் பாரு."

"கை அளவு தெரியுமா?"

"ஒல்லியாத்தான் இருப்பா. எனக்குத் தெரியாதா?"

நல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, காத்துல வர்ற பேரு அது. நல்லவளோ கெட்டவளோ, யாரு கண்டா? போன மாசம் நீ காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தது யாரு, மீராவா?"

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. கேட்டதில் நியாயம் இருந்தது.

"நீதான். நீ இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன். ஆனா நல்லம்மா, உனக்குப் புருஷன் இருக்காரு, புள்ளைங்க இருக்கு. ராத்திரி நீ கதவைச் சாத்திட்டு உள்ள போனப்புறம், என் பேரைச் சொல்லிக் கூப்பிட அந்த ரேடியோவ விட்டா யாரு இருக்கா?"

நல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மீரா வந்துட்டா, என் கூடவே வந்து இருந்துக்கம்மான்னு கூப்பிடப் போறேன். வரலன்னா ரேடியோவ வித்துப்புடுறேன். சத்தியமாச் சொல்றேன்."

மேடையில் மைக் கரகரத்தது. "அடுத்தது நம்ம எல்லாருக்கும் பிடிச்ச ஜோடி! தாப்பா பாப்பா, பீடோர் மீரா, ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க!"

பாப்பா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி நின்றாள். கைதட்டல் எழுந்து அடங்கியது. பச்சைத் தாவணி எழுந்திருக்கவில்லை. வேறு எந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை. கீழே நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து சொங்கோக் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஓர் ஆள் எழுந்து வந்தார். நல்ல கனத்த சரீரம். கையில் ஓர் அட்டைப்பெட்டி. மகளுக்குப் பதிலாக அப்பா வந்திருக்கிறார் என்று நினைத்தாள் பாப்பா.

"ஏண்ணே, மீரா வரலையா?"

"நான்தாம்மா மீரா. மீரா சாஹிப். பீடோர்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பாப்பா வளையலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் தேடினார், பிறகு பெட்டியைத் திறந்து ரோஸ் நிறத்தில் ஒரு குட்டிக் கவுனை எடுத்தார். நாலைந்து வயதுப் பிள்ளைக்குத்தான் அது சரியாக இருக்கும்.

"அல்லா எனக்குப் புள்ளை குட்டி குடுக்கல. தாலாட்டுக் கேட்டு எழுதின அந்தச் சின்னப் புள்ளை நல்லாத் தூங்கட்டும்னுதான் வாராவாரம் தாலாட்டுப் போட்டேன். கல்யாணப் பாட்டாப் போட்டு இந்தக் கிழவனைக் கேலி பண்ணுச்சே, அந்த வாலுப் பாப்பா எங்கம்மா? பேத்தியக் கூட்டிட்டு வரலையா?"

பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வந்திருக்காண்ணே" என்றாள். "நான்தான்."