விடை சொல்லாத பட்டறை

அம்பத்தூரில் மூடிக்கிடந்த லேத் பட்டறையை ஐந்து ஆசிரியர்கள் பங்கு போட்டு வாங்கி, பெரியவர்கள் கற்கும் கூடமாக்கியிருந்தார்கள். இன்றும் யாரும் சேராவிட்டால் விற்றுவிடுவதென்று முடிவு. மாலையில் லூர்துசாமி தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே மெக்கானிக்தான். ஆனால் இருபது வருஷமாக, எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது என்று காதில் மாட்டிய கருவி வழியே கம்பெனியின் குரல் சொல்லும். சொந்த வீட்டு வேலைக்கு அது பேசாது.

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. அடுத்து என்ன மேடம்?"

ஐவரில் ஒருவரான மங்கையர்க்கரசி சொல்லவில்லை. விடையைச் சொல்லிவிடும் ஆசிரியர் எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்பது அங்கே விதி.

"உள்ள இருக்கிற தண்ணியச் சுழட்டி வெளிய தள்ளுறதுதான் இதோட வேலைண்ணே. அது போன இடத்துக்குக் கீழயிருந்து தண்ணி ஏறும். இப்ப உள்ள என்ன இருக்கு?"

லூர்துசாமியின் கை அந்தரத்தில் நின்றது. பழக்கத்தில் குரலுக்காகக் காத்திருந்தார். பின்னாலிருந்து இன்னொரு ஆசிரியரான ஞானசேகரன் சார் விடை சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், டீ!" என்றார் மங்கையர்க்கரசி. அவர் மூடிக்கொண்டார்.

"காத்து," என்றார் லூர்துசாமி மெதுவாக. "அப்ப மொதல்ல நாமதான் தண்ணி ஊத்தணும்!"

ஊற்றி, குழாயைத் தொட்டியில் விட்டு ஓடவிட்டார். மோட்டார் இருமியது, பிறகு தண்ணீர் பீறிட்டு நாற்காலிகளை நனைத்தது.

ஈரக் கையோடு அவர் கேட்டார்: "கரண்டு எப்படி மேடம் இதச் சுத்துது? வேணாம், சொல்லாதீங்க. என் பேர எழுதிக்கோங்க, நாளைக்கு வந்து நானே கண்டுபிடிக்கிறேன்."