மறுபடியும் கர்னல் பேனிக்

"இந்தத் தடவை எழுந்துடும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அத்தான் பென்டிரைவை லேப்டாப்பில் செருகினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. பாதி வழியில் எதிலோ முட்டிக்கொண்டதுபோல் நின்றன. கர்னல் பேனிக்: இயங்குதளத்தின் மையமான கர்னலே எழ முடியாமல் படுத்துவிட்டது.

"பார்த்தியா மாப்ள? தினமும் இதே கூத்துதான்."

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சர்வர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. அக்காவின் குரல் இந்த லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று ஆனபோது, அதற்கு முன்பே பேச்சைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். பின்னால் அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் ஒரு கருவி அவள் குரலிலேயே பேசுமாம்.

வெளிச்சத்தம் கேட்காமலிருக்க, துணி அலமாரிக்குள் தலையை நீட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வாசித்தாள் அக்கா. புருஷனைத் திட்டுவதற்கென்றே தனியாக ஒரு தொகுப்பு வேறு. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், லேப்டாப் உயிரை விட்டிருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்றிலிருந்து பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதன் வழியாக லேப்டாப்பின் டிஸ்க்கைத் திறக்கப் போராடிக்கொண்டிருக்கிறார் அத்தான்.

மச்சினன் பென்டிரைவை வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தான். கிராபிக்ஸை முடக்கிப் பார்த்தான். நினைவகமான ரேமைச் சோதித்தான், அதில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அதே பேனிக்.

"டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டிடலாமே அத்தான்? சட்டுனு முடிஞ்சிடும்."

"ஐயோ, வேண்டாம்பா!" அத்தான் பதறினார். "கழட்டுறப்ப ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அப்ப பென்டிரைவ்ல லினக்ஸையாவது புதுசா எழுதுவோம்."

"நேத்துதான் எழுதினேன். அதுல ஒண்ணும் கோளாறு இல்ல."

அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கையிலிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'குரல் வரட்டும். இத்தனை நாள் இழுத்தடிச்சதுக்கு உன் அத்தானுக்கு இருக்கு!'

சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. மச்சினன் சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காபி போட உதவுவதாகச் சொல்லி அத்தான் அவள் பின்னாலேயே போனார். மச்சினன் மறுபடி இயக்கினான். இந்த முறை ஆரம்ப மெனுவிலேயே நிறுத்தி, லினக்ஸைக் கிளப்புகிற கட்டளை வரியைத் திறந்து படித்தான்.

வழக்கமான வரிதான். கடைசியில் மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் ஒரு சொல். இருக்கிற நினைவகத்தில் துளியூண்டுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கர்னலுக்கு உத்தரவு. அதை வைத்துக்கொண்டு எந்தக் கர்னல் எழுந்து நிற்கும்?

அது தானாக வருகிற சொல் அல்ல. யாரோ கையால் அடித்துச் சேர்த்தது.

அதை அழித்துவிட்டு எண்டரைத் தட்டினான். எழுத்துகள் எங்கும் முட்டாமல் ஓடி முடித்தன. டெஸ்க்டாப் பளிச்சென்று வந்து நின்றது.

"அக்..." என்று கத்த வாயெடுத்தவனின் தோளை ஒரு கை அழுத்தியது. இன்னொரு கை லேப்டாப்பை மெல்ல மூடியது.

"அத்தான்... அந்தச் சொல்லை நீங்களா போட்டீங்க?"

சமையலறையில் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. என்ன ஆச்சு என்று அக்கா கேட்கிறாள்.

"மறுபடியும் விழுந்துடுச்சும்மா!" என்று அத்தான் உரக்கக் குரல் கொடுத்தார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்!"

பரவாயில்லை என்பதுபோல் மெதுவாக ஒரு தட்டு. பிறகு அவள் காபி ஆற்றும் சத்தம்.

அத்தான் மச்சினனின் காதருகே குனிந்தார்.

"முதல் நாளே டிஸ்க்கைத் திறந்து பார்த்துட்டேன் மாப்ள. உள்ள ஒண்ணுமே இல்ல."