ஏழாம் அறைக் கிழவர்

"மூன்றாம் தேதி. போர்வைகள் இன்றும் காயவில்லை. நான் சரியாகப் பிழியாததுதான் தவறு" என்று குறிப்பேட்டில் எழுதினாள், இருண்ட கோட்டை விடுதியின் சலவைக்காரி.

"ஒண்ணாவது காயணும். இல்லேன்னா நாளைக்கு வராதே," என்றாள் மேற்பார்வைக்காரி.

ஏழாம் அறையில் தூங்கும் கிழவரின் போர்வை மட்டும் மொறமொறவென்று உலர்ந்திருந்தது. மெல்ல உருவினாள். அவர் விழித்துக்கொண்டார்.

"விடிஞ்சிருச்சாம்மா?"

"விடியலா? அதெல்லாம் கதையில வர்றது ஐயா. நீங்க தூங்குங்க."

"விடிஞ்சதும் எழுப்பச் சொன்னேனே?"

கதவில் தொங்கிய பழைய சீட்டும் அதையேதான் சொன்னது. விடுதிக்காரர்கள் சொன்ன சொல் தவறாமல், முந்நூறு ஆண்டுகளாக விடியலுக்குக் காத்திருந்தார்கள்.

கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா காத்திருந்தீங்க போங்க. நான் கிளம்பினாத்தானேம்மா விடியும்?"

அவர் எழுந்து வெளியே கிளம்பினார். கண்கூசும் வெளிச்சத்தில் அத்தனை போர்வைகளும் காய்ந்தபின் அவள் எழுதினாள்: "நாளை: இருட்டோடு போய் ஏழாம் அறைக் கதவைத் தட்ட வேண்டும்."